ஒரு இசைப் பத்திரிகை வாசகரை எப்படி இழுக்குது? அட்டையில இருந்து நடுப்பக்கம் வரைக்கும் பிரிச்சுப் பாக்கறதுக்கு ஒரு முழு வழிகாட்டி

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார்னு நம்ம பாலக்காடு எல்லைப் பக்கத்துல இருந்து பஸ் ஏறி கோயமுத்தூர் காலேஜுக்குப் போயி விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), ஜர்னலிசம் படிக்கிற பசங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்களுக்கு "ஒரு இசைப் பத்திரிகையோட வடிவமைப்பும் உள்ளடக்கமும் வாசகரை எப்படிக் கவருதுன்னு ஆராய்ஞ்சு எழுது"ன்னு ஒரு அசைன்மென்ட் வந்துரும். இன்னொரு பக்கம், ஊர் வாசகசாலைக்கோ பாட்டு கிளாஸுக்கோ சின்னதா ஒரு இசை இதழ் போடணும்னு ஆசையோட இருக்கறவங்களும் உண்டு. ரெண்டு பேருக்கும் சேத்துதான் இதை எழுதறேன், ஏன்னா ஒரு பத்திரிகையை ஒழுங்கா பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் ஒழுங்கா ஒண்ணு பண்ணவும் வரும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். அழகான அட்டை, நல்ல கலர், பெரிய நட்சத்திரம், இதெல்லாம் வாசகரை இழுக்குதுன்னு எழுதுனா பாதிதான் சரி. பத்திரிகை மொதல்ல யாரோ ஒரு ஆளை மனசுல வெச்சுக்குது, அந்த ஆளுக்கு என்ன வயசு, என்ன பாட்டு கேப்பாரு, கையில எவ்வளவு காசு இருக்கும், இசை பத்தி அவருக்கு ஏற்கனவே எவ்வளவு தெரியும்னு. அதுக்கப்புறம்தான் எழுத்துரு, கலர், போட்டோ, கட்டுரை நீளம் எல்லாம் முடிவாகுது. அதனால நீங்க பத்திரிகையில தேட வேண்டியது அழகை இல்ல, அந்த ஆளை.

படி 1: ரெண்டு பத்திரிகை எடுங்க, ஒண்ணு போதாது

ஒரே ஒரு பத்திரிகையை வெச்சுட்டு ஆராய்ச்சி பண்ணா எல்லாமே இயல்பாத்தான் தெரியும், எதுவுமே தேர்ந்தெடுத்து செஞ்சதா தெரியாது. ரொம்ப வேற மாதிரி ரெண்டை பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒண்ணு 1983ல சென்னையில ஆரம்பிச்ச ஸ்ருதி மாதிரி கர்நாடக சங்கீதமும் பரதநாட்டியமும் பேசற இதழ், இன்னொண்ணு ரோலிங் ஸ்டோன் மாதிரி ராக், பாப் பேசற இதழ். புதுசு வாங்க காசு இல்லைன்னா கோயமுத்தூர் உக்கடம் பழைய புத்தகக் கடையில கேட்டுப் பாருங்க, இல்லைன்னா பழைய அட்டைகள் இணையத்துல ஏகப்பட்டது கெடக்கு. ஆனா முழு இதழ் ஒண்ணாவது கையில இருக்கணும், பேப்பரோட தடிமன் கூட ஒரு தகவல்தான். ஒரு ஸ்கேல், ரெண்டு கலர் பேனா, கொஞ்சம் ஒட்டற சீட்டு, இவ்வளவுதான் சாமான்.

படி 2: விளம்பரத்துல இருந்து தொடங்குங்க

எல்லாரும் அட்டையில தொடங்குவாங்க. நான் பின்னட்டையில தொடங்கச் சொல்றேன். விளம்பரம் குடுக்கறவங்க காசு போட்டு அந்தப் பக்கத்தை வாங்கறாங்க, தப்பான ஆளுகிட்ட போயி சேர அவங்க தயாரா இருக்க மாட்டாங்க, அதனால வாசகர் யாருன்னு பத்திரிகையே சொல்றதுக்கு முன்னாடி விளம்பரம் சொல்லிரும். பட்டுப்புடவை, நகை, சபா கச்சேரி, எலக்ட்ரானிக் ஸ்ருதிப்பெட்டி விளம்பரம் வந்தா ஒரு குடும்பம் கண்ணு முன்னாடி வருது. கிடார், ஆம்ப்ளிஃபயர், ஹெட்போன், கான்செர்ட் டிக்கெட் வந்தா வேற ஒரு ஆள் வர்றாரு. எல்லா விளம்பரத்தையும் ஒரு தாள்ல எழுதி, பக்கத்துல "இதை வாங்கறவர் யாரு, வயசு என்ன, சம்பாதிக்கறாரா, அப்பா காசா"ன்னு ஒரு வரி எழுதுங்க. அந்தத் தாள் கடைசி வரைக்கும் மேசையில இருக்கட்டும்.

படி 3: அட்டையை தூரத்துல வெச்சுப் பாருங்க

நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு கடையில பத்திரிகை எப்படித் தொங்குதுன்னு கவனிச்சிருப்பீங்க, கயித்துல கிளிப் போட்டு ஒண்ணு மேல ஒண்ணா, கீழ்ப்பாதி மறைஞ்சு மேல்பாதி மட்டும் தெரியும். பத்திரிகை பேரு எப்பவும் மேல இருக்கறதுக்கு இதுதான் காரணம். அதனால அட்டையை ஒரு பத்தடி தள்ளி வைங்க, கீழ்ப்பாதியை மூடிடுங்க, என்ன தெரியுதுன்னு எழுதுங்க. பேரு தெரியுதா, முகம் தெரியுதா, ஒரு வார்த்தையாவது படிக்க முடியுதா?

அடுத்து பேரோட எழுத்து. கெராங்னு ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை, 1981ல சவுண்ட்ஸ்ங்கற வாரப் பத்திரிகையோட இணைப்பா வந்தது, அந்தப் பேரே கிடார் தந்தியை ஓங்கி அடிச்சா வர்ற சத்தம், எழுத்தும் உடைஞ்ச கண்ணாடி மாதிரி விரிசல் விட்டு இருக்கும். ஒரு வார்த்தை படிக்கறதுக்கு முன்னாடியே இது ஹெவி மெட்டல்ங்கற அதிரடி ராக் கேக்கற ஆளுக்குன்னு தெரிஞ்சு போகுது. க்யூ பத்திரிகை 1986ல வந்தப்போ பேரு ஒரே எழுத்து, அப்புறம் சிவப்புக் கட்டத்துல வெள்ளை எழுத்துன்னு அந்த அடையாளத்தை நிலைநிறுத்துச்சு. அப்போதான் சிடி வந்து, கொஞ்சம் வயசான, சம்பாதிக்கற ஆளுங்க தங்களோட பழைய ரெக்கார்டு எல்லாத்தையும் திரும்ப சிடியா வாங்கிட்டு இருந்தாங்க, அவங்களைத்தான் க்யூ குறிவெச்சுது. சத்தம் போடற எழுத்து அவங்களுக்குத் தேவைப்படல.

போட்டோவுல பாக்க வேண்டியது மூணு. ஆள் நம்மளைப் பாக்கறாரா வேற எங்கேயோ பாக்கறாரா, எவ்வளவு கிட்டத்துல எடுத்தது, அவரோட தலை பத்திரிகை பேரை மறைக்குதா. தலை பேரை மறைக்கறது தெரியாம நடக்கறதில்ல, பாதி எழுத்து மறைஞ்சாலும் வாசகருக்கு எங்களை அடையாளம் தெரியும்ங்கற தைரியம் அது. புதுசா ஆரம்பிக்கற பத்திரிகை அப்படிப் பண்ணக் கூடாது.

ரோலிங் ஸ்டோன் 1967 நவம்பர் 9 தேதி போட்டு சான் பிரான்சிஸ்கோவுல முதல் இதழ் கொண்டு வந்தப்போ அட்டையில பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன், அதுவும் ஒரு படத்துல நடிச்ச ஸ்டில்லு. 1981 ஜனவரி 22 இதழ்லயும் அதே லெனன், மனைவி யோக்கோ ஓனோவோட, ஆனி லீபோவிட்ஸ்ங்கற போட்டோகிராபர் எடுத்தது. 1980 டிசம்பர் 8ஆம் தேதி அந்த போட்டோவை எடுத்து சில மணி நேரத்துல லெனனை சுட்டுக் கொன்னுட்டாங்க. அந்த அட்டையில தலைப்பு வரி எதுவும் போடல, படம் மட்டும்தான். 2005ல அமெரிக்க பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் கடந்த 40 வருஷத்துல வந்த அட்டைகள்ல அதைத்தான் முதலிடத்துல வெச்சாங்க. இதை ஏன் இவ்வளவு விரிவா சொல்றேன்னா, எதைப் போட்டிருக்காங்கன்னு மட்டும் பாத்தா பத்தாது, எதை விட்டிருக்காங்கன்னும் பாக்கணும். வாசகர் எல்லாருக்கும் ஏற்கனவே தெரிஞ்ச துக்கம் அது, அங்க வார்த்தைக்கு வேலை இல்ல, அது அந்த ஆசிரியர் குழுவுக்குப் புரிஞ்சிருந்துச்சு.

கலரைப் பத்தி ஒரே ஒரு வேண்டுகோள். "சிவப்பு கோபத்தைக் குறிக்குது, கருப்பு மர்மத்தைக் குறிக்குது"ன்னு எழுதாதீங்க, தயவுசெஞ்சு. எத்தனை கலர் இருக்கு, அதே கலர் உள்ளே எங்கெல்லாம் திரும்ப வருது, அட்டையில நட்சத்திரம் போட்டிருக்கற சட்டையோட கலரும் எழுத்தோட கலரும் ஒண்ணா, இதை எழுதுங்க, இதுக்கு ஆதாரம் பக்கத்துலயே இருக்கு.

படி 4: அட்டை வரிகளை சத்தமா படிங்க

அட்டையில இருக்கற எல்லா வரியையும் எழுதி வாய்விட்டுப் படிங்க. யாரு யாருகிட்ட பேசற மாதிரி இருக்கு? அண்ணன் தம்பிகிட்ட பேசற மாதிரியா, வாத்தியார் மாணவர்கிட்ட பேசற மாதிரியா, ரெண்டு ரசிகருங்க கச்சேரி முடிஞ்சு வெளிய வர்றப்போ பேசிக்கற மாதிரியா? எதை விளக்காம விட்டிருக்காங்கன்னும் பாருங்க. கர்நாடக இதழ்ல "கல்பனாஸ்வரம்"னு (பாடறவர் அப்பவே கற்பனையாப் பாடற ஸ்வரம்) சும்மா போட்டுட்டுப் போவாங்க, விளக்கம் இருக்காது, தெரிஞ்ச ஆளுக்கு அது "நீ நம்ம ஆளு"ன்னு சொல்ற மாதிரி, தெரியாத ஆளுக்கு கதவு மூடின மாதிரி. ரெண்டுமே அந்த ஒரே வார்த்தை செய்யற வேலை.

இதுக்கு எதிர்ப்பக்கம் போனவர் எழுத்தாளர் கல்கி. ஆனந்த விகடன்ல "கர்நாடகம்"ங்கற பேருல ஆடல் பாடல் பகுதியில கச்சேரி விமர்சனம் எழுதுனாரு. சபாவுக்குள்ள காலே வெக்காத ஆளும் ரசிச்சுப் படிக்கற மாதிரி சுளுவான தமிழ், கிண்டல், கதை சொல்ற தொனி, அதனால சங்கீதம் தெரியாத வாசகரும் சங்கீதப் பக்கத்தைத் திருப்பிப் பாத்தாங்க. கவர்ச்சின்னா வடிவமைப்பு மட்டும்னு நெனைக்கறவங்களுக்கு நான் மொதல்ல காட்டறது இதைத்தான்.

படி 5: உள்ளடக்கப் பக்கம்

இதுல ரொம்ப நேரம் வேண்டாம். எந்தக் கட்டுரைக்குப் பெரிய போட்டோ, எது மாசாமாசம் வர்ற பகுதி, எது இந்த இதழுக்கு மட்டும், ஆசிரியர் கடிதம் இருந்தா அதுல அவரோட படமும் கையெழுத்தும் இருக்கா, இவ்வளவு குறிச்சுக்குங்க. மாசாமாசம் வர்ற பகுதிதான் வாசகரைப் பழக்கப்படுத்துது, அட்டைக் கட்டுரை புது ஆளைக் கூட்டிட்டு வருது.

படி 6: ரெண்டு பக்கக் கட்டுரையை ஸ்கேல் வெச்சு அளங்க

இங்கதான் நிறைய நேரம் குடுக்கணும். அட்டைக் கட்டுரையோட மொத ரெண்டு பக்கத்தை விரிச்சு வைங்க. எத்தனை பத்தி (மேல இருந்து கீழ போற காலம்), ஒவ்வொண்ணும் எத்தனை சென்டிமீட்டர், போட்டோ எவ்வளவு இடம், வெள்ளையா விட்ட இடம் எவ்வளவுன்னு அளந்து ஒரு சின்னப் படம் வரைங்க. மடிப்புல யாரோட முகமாவது போயி விழுதா பாருங்க, நல்ல டிசைனர் முகத்தை மடிப்புல விட மாட்டாரு.

அப்புறம் கண்ணு போற வழி. பெரும்பாலும் மொதல்ல போட்டோ, அடுத்து தலைப்பு, தலைப்புக்குக் கீழ உள்ள முன்னோட்ட வரி, பத்தி நடுவுல பெருசா எடுத்துப் போட்ட பேட்டி வாசகம், படக்குறிப்பு, அதுக்கப்புறம்தான் கட்டுரையோட முதல் வரி. அதாவது வாசகர் கட்டுரை படிக்கத் தொடங்கறதுக்கு முன்னாடியே அஞ்சு இடத்துல நின்னு, படிக்கலாமா வேண்டாமான்னு முடிவெடுக்கறாரு. அந்த அஞ்சு இடத்துல என்ன எழுதியிருக்குன்னு தனியா எடுத்து எழுதுங்க, அதை மட்டும் படிச்சாலே கட்டுரையோட பாதி கதை கெடைச்சிருச்சுன்னா அந்தப் பக்கம் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

நெருக்கமா இருக்கற பக்கம் மோசம், காலி இடம் விட்ட பக்கம் ஒசத்தின்னு நெனைக்காதீங்க. பதினாறு வயசு மெட்டல் ரசிகருக்கு பக்கம் முழுக்க சின்னச் சின்ன படமும் சாய்ஞ்ச எழுத்துமா இருந்தாத்தான் கச்சேரி கூட்டத்துக்குள்ள நிக்கற மாதிரி இருக்கும். 1993ல ஆரம்பிச்ச மோஜோ பழைய ராக் ரசிகர்களுக்கானது, அங்க பழைய கருப்பு வெள்ளை போட்டோ, நீளமான கட்டுரை, அட்டையோட ஒரு இலவச சிடி. அந்த வாசகருக்கு நேரம் இருக்கு, விவரம் வேணும், அவசரப்படுத்துனா அவருக்குப் பிடிக்காது.

தமிழ்ல பக்கம் பண்றவங்களுக்கு இங்க சில விஷயம் கண்டிப்பா சொல்லணும். நம்ம வார்த்தைங்க நீளம். இங்கிலீஷ் பத்திரிகையைப் பாத்து மூணு பத்தி வெச்சு ரெண்டு ஓரமும் நேரா இழுத்தீங்கன்னா வார்த்தைக்கு நடுவுல ஓட்டை ஓட்டையா விழும், அதனால ஏ4 பக்கத்துக்கு ரெண்டு பத்தி வைங்க, இல்லை மூணுதான் வேணும்னா வலது ஓரத்தை நேராக்காம அப்படியே விட்டுருங்க. மேல கீ, தீ சுழிக்கும் கீழ டு, ழு, ஞ வாலுக்கும் இடம் வேணும், வரிக்கு நடுவுல இங்கிலீஷுக்கு விடறதை விடக் கொஞ்சம் கூடுதலா விடுங்க. முதல் எழுத்தைப் பெருசாப் போடற பழக்கம் இருக்கே, அதுல "கொ", "சௌ" மாதிரி எழுத்து வந்தா கொம்பு, கால், நடு எழுத்து மூணையும் சேத்தே பெருசாக்கணும். சாஃப்ட்வேர் சில நேரம் கொம்பை மட்டும் பெருசாக்கி மத்ததைக் கீழ விட்டுரும், அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கட்டுரையோட முதல் எழுத்தையும் கண்ணால பாத்துருங்க.

படி 7: வாசகர் ஏன் அடுத்த மாசமும் வர்றாருன்னு தேடுங்க

அட்டை ஒரு தடவைதான் இழுக்கும். திரும்ப வர வைக்கறது உள்ளே இருக்கற ஏதோ ஒண்ணு. என்எம்இ (நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்) பத்திரிகை 1952 நவம்பர் 14ஆம் தேதி பிரிட்டன்ல முதல்முறையா சிங்கிள் (தனிப்பாட்டு) ரெக்கார்டு விற்பனைப் பட்டியல் போட்டது, ஒரு இருபது கடைக்கு போன் பண்ணி எது நல்லா விக்குதுன்னு கேட்டு பன்னெண்டு இடத்துக்கு வரிசை போட்டாங்க. ரொம்ப சாதாரண வேலைதான், ஆனா எனக்குப் பிடிச்ச பாட்டு இந்த வாரம் ஏறுச்சா எறங்குச்சான்னு தெரிஞ்சுக்க வாசகர் வாராவாரம் வந்தே ஆகணும். அந்தப் பட்டியல் எங்கேயும் இலவசமா கெடைக்க ஆரம்பிச்சப்போ இந்த இழுப்பு போச்சு. 2015ல என்எம்இ இலவச இதழா மாறி, 2018 மார்ச்சுல அந்த வார அச்சு இதழை நிறுத்திட்டாங்க. க்யூவும் 2020ல நின்னு போச்சு.

இன்னொரு இழுப்பு பாட்டு வரிகள். 1978ல தொடங்குன ஸ்மாஷ் ஹிட்ஸ் அப்போ ஓடிட்டிருந்த பாட்டோட வரிகளை அச்சடிச்சே பெருசா வளர்ந்துச்சு. நம்மளுக்கு இது புதுசே இல்ல, தியேட்டர் வாசல்ல வித்த பாட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கறவங்க இன்னும் இருக்காங்க, கதைச் சுருக்கம் போட்டு "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு முடிச்சு, பின்னாடி எல்லாப் பாட்டும் இருக்கும். வரி கையில இருந்தா வாசகர் சும்மா படிக்கறவரா இருக்க மாட்டாரு, பாட ஆரம்பிச்சிருவாரு, பாடின பக்கத்தைத் தூக்கிப் போடவும் மனசு வராது. நீங்க உங்க இதழ்ல வரிகள் போடறதா இருந்தா உரிமை வெச்சிருக்கறவங்ககிட்ட அனுமதி வாங்கிருங்க, கீர்த்தனை மாதிரி ரொம்பப் பழைய சாகித்யத்துக்குப் பெரும்பாலும் அந்தத் தொந்தரவு இல்ல.

விமர்சனப் பகுதியில நட்சத்திரம் குடுக்கறாங்களா, விமர்சகரோட பேரு இருக்கா, எப்பவாவது மோசம்னு எழுதியிருக்காங்களான்னு பாருங்க. எல்லாத்துக்கும் நாலு நட்சத்திரம் குடுக்கற பத்திரிகையை வாசகர் நம்ப மாட்டாரு, விளம்பரத்துக்கும் விமர்சனத்துக்கும் வித்தியாசம் இல்லைன்னு அவருக்குப் புரிஞ்சிரும்.

படி 8: ஒரே ஆளுக்கு மூணு அட்டை வரைஞ்சு பாருங்க

இது வரைக்கும் பிரிச்சுப் பாத்தோம், இப்போ கட்டிப் பாக்கலாம். மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதனை எடுத்துக்குங்க, 1928ல நம்ம எலப்புள்ளியில பொறந்தவரு, நம்ம மண்ணுல இருந்து போயி தமிழ் சினிமாப் பாட்டையே மாத்துனவரு. அவரைப் பத்தி மூணு வாசகருக்கு மூணு அட்டை.

ரேடியோ கேட்டு வளர்ந்த அறுபது வயசுக்காரருக்குன்னா, ஆர்மோனியத்துக்கு முன்னாடி உக்காந்த கருப்பு வெள்ளை போட்டோ, பெரிய எழுத்து, ராமமூர்த்தியோட சேந்து 1965 வரைக்கும் போட்ட பாட்டுங்களைப் பத்தின ஒரு நீளமான கட்டுரைக்கு அழைப்பு. பாலக்காடு செம்பை நினைவு இசைக் கல்லூரியில படிக்கற பொண்ணுக்குன்னா, அந்த போட்டோ வேண்டாம், ஒரு பல்லவியோட ஸ்வரக் குறிப்பையே அட்டை முழுக்கப் போடுங்க, அவளுக்கு அதுவே முகம். கிடார் வாசிக்கற பதினெட்டு வயசுப் பையனுக்குன்னா இன்னைக்கு அவன் கேக்கற பாட்டுல இருந்து தொடங்கி, இந்த வாத்தியக் கலப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு பின்னாடி கூட்டிட்டுப் போற வரி. மூணுலயும் விஷயம் ஒண்ணு, உண்மைங்களும் ஒண்ணு. என்னென்ன மாறுச்சு, வாசகரோட எந்தக் குணத்தால மாறுச்சுன்னு எழுதுனீங்கன்னா உங்க அசைன்மென்ட்டோட முக்கியப் பகுதி முடிஞ்சுது. கை பழகறதுக்கு சித்தூர்ல பொறந்த பாடகி பி. லீலாவையும் கோட்டாயி கர்நாடக சங்கீத வித்வான் செம்பை வைத்தியநாத பாகவதரையும் இதே மாதிரி பண்ணிப் பாருங்க.

நம்ம எல்லைப் பகுதிக்குன்னே ஒரு பிரச்சனை இருக்கு, அதை மறக்கக் கூடாது. வீட்டுல தமிழ் பேசிட்டு, பள்ளிக்கூடத்துல மலையாளம் படிச்சு, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கறவங்க இங்க உண்டு. அவங்களை "தமிழ் தெரியாதவங்க"ன்னு விட்டுறாதீங்க, அவங்க நல்ல ரசிகருங்க, செம்பையோட சிஷ்யர் யேசுதாஸை ரெண்டு மொழியிலயும் கேட்டு வளர்ந்தவங்க. கட்டுரையைத் தமிழ்லயே வெச்சுக்குங்க, வாக்கியத்தைச் சின்னதாக்குங்க, மலையாளப் பாட்டோட வரி வந்தா தமிழ் எழுத்துல ஒரு பத்தி, பக்கத்துலயே மலையாள எழுத்துல ஒரு பத்தின்னு போடுங்க. அந்த ரெண்டு பத்திப் பக்கத்தை அம்மாவும் பொண்ணும் சேந்து படிப்பாங்க. விளம்பரத்துக்கு பாலக்காட்டுக் கல்பாத்தி தேர் நடக்கற நவம்பர் இதழைக் குறிவெச்சுப் பேசுங்க, அப்போ அங்க சங்கீத உற்சவமும் நடக்கும், வாசகர் எல்லாரும் ஒரே தெருவுல கெடைப்பாங்க.

படி 9: டீக்கடையில சோதனை பண்ணுங்க

வரைஞ்ச அட்டையை இதுல சம்பந்தமே இல்லாத அஞ்சு பேருகிட்ட மூணு விநாடி காட்டிட்டு மறைச்சிருங்க. "இது எதைப் பத்தினது, யாருக்கு, மொதல்ல எதைப் பாத்தீங்க"ன்னு மட்டும் கேளுங்க. நல்லா இருக்கான்னு கேக்காதீங்க, பாவம்னு நெனைச்சு நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. நீங்க நெனைச்ச வாசகரும் அவங்க சொல்ற வாசகரும் ஒண்ணா இல்லைன்னா கலரை மாத்திட்டு இருக்காம, நேரா தலைப்பு வரிக்குப் போங்க, பெரும்பாலும் கோளாறு அங்கதான் இருக்கும்.

அச்சுக்குப் போறப்போ

சென்டர் பின் அடிக்கற புத்தகத்துல பக்கம் நாலோட மடங்காத்தான் வரும், 12, 16, 20ன்னு. மொத தடவை 16 பக்கத்துக்கு மேல போகாதீங்க. அதுல 8ஆம் பக்கமும் 9ஆம் பக்கமும் ஒரே தாள்ல ஒட்டி இருக்கும், வேற எந்த ரெண்டு பக்கத்துலயும் படம் நடுவுல லேசா விலகும், இங்க மட்டும் விலகாது. அதனால இதழ்லயே நல்ல போட்டோவை, எழுத்து எதுவும் இல்லாம, நடுப்பக்கத்துல முழுசாப் போடுங்க. முகம் மட்டும் பின் மேல வராம ஒரு பக்கமாத் தள்ளி இருக்கட்டும், பின்னைக் கழட்டி செவுத்துல ஒட்டறவங்க கண்டிப்பா இருப்பாங்க.